அலை கொண்டுபோன பிறகும் ஒரு வீடு

‘‘அவர் போய் எட்டு மாசமாச்சு டாக்டர். மூக்குக் கண்ணாடி, கைத்தடி, பேனா எல்லாம் கண் முன்னாடியே இருக்கு. ‘எடுத்துத் தூரப் போடும்மா’ங்கிறான் பையன். எனக்கு மனசு வரலை. தூக்கமும் வரலை.’’

இப்படிச் சொல்லிக் கண்கலங்கிய ஒரு அம்மாவுக்கு, மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒருவருடைய கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நேட் பெர்கஸ். 1971-ல் பிறந்த அமெரிக்கர். வீடுகளின் உள் அலங்காரம்தான் தொழில். அவருடைய அம்மாவுக்கும் அதே தொழில். 1995-ல், இருபத்துநாலு வயசில் சிகாகோவில் சொந்த நிறுவனம் தொடங்கினார். பிறகு ஓப்ரா வின்ஃப்ரேயின் டி.வி. நிகழ்ச்சியில் வீடுகளை மாற்றிக் காட்டி, நாடு முழுக்கப் பிரபலமானார்.

2004 டிசம்பர் கடைசியில் தன் வாழ்க்கைத் துணையான ஃபெர்னாண்டோ பெங்கோச்சியாவுடன் இலங்கையின் அறுகம் குடாவுக்குப் போயிருந்தார். ஃபெர்னாண்டோ ஒரு புகைப்படக் கலைஞர். 26-ம் தேதி காலை சுனாமி வந்தது. இருவரும் ஒரு கம்பத்தைப் பற்றிக்கொண்டார்கள். அடுத்து வந்த வெள்ளம் பிரித்துவிட்டது. நேட் பிழைத்தார். ஃபெர்னாண்டோவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

முகத்தைக் கடைசியாகப் பார்த்து வழியனுப்ப முடியாத துக்கம் எவ்வளவு கொடியது என்று, நம் கடற்கரை ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் என்ன செய்தார்? மெல்ல வேலைக்குத் திரும்பினார். 2010 முதல் 2012 வரை சொந்தப் பெயரிலேயே டி.வி. நிகழ்ச்சி நடத்தினார். 2012-ல் ‘த திங்ஸ் தட் மேட்டர்’ என்ற புத்தகத்தில் ஃபெர்னாண்டோவைப் பற்றியும் மனம் திறந்து எழுதினார். வீட்டில் இருக்கும் பொருள்கள், அங்கே வாழ்பவர்களின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். 2014-ல், இதே தொழிலில் உள்ள ஜெரமையா பிரெண்டை மணந்தார். இரண்டு குழந்தைகள். 2017-ல் தம்பதியாகவே டி.வி. தொடரிலும் வந்தார்கள்.

பழசை மறந்துதான் புது வாழ்க்கை தொடங்க வேண்டும் என்பதில்லை, பார்த்தீர்களா?

துக்கம் வளியைக் கெடுக்கும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. தூக்கம் கெடுவதும் பசி மந்தமாவதும் அதனால்தான். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை:

* போனவருடைய பொருள்களை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். மனசுக்கு நெருக்கமான இரண்டு, மூன்றை மட்டும் ஓர் இடத்தில் அழகாக வையுங்கள். மற்றதை, உபயோகப்படுகிறவர்களுக்கு நிதானமாகக் கொடுங்கள்.

* படுக்கையறையில் காற்றும் வெளிச்சமும் வரட்டும். அடைசல் வேண்டாம்.

* காலையில் இளவெயிலில் கொஞ்ச நேரம் நடங்கள். பசி இல்லாவிட்டாலும் வேளை தவறாமல் கஞ்சியாவது குடியுங்கள்.

* வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லையா? ‘நானும் போயிடணும்’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

அந்த அம்மா அடுத்த மாதம் வந்தார். ‘‘கைத்தடியைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்துட்டேன். கண்ணாடி மட்டும் அவர் பேப்பர் படிக்கிற ஜன்னல்கிட்ட இருக்கு. ராத்திரி நாலு மணி நேரம் தூங்கறேன் டாக்டர்.’’

நாலு ஆறாகும். அவசரமில்லை.