அம்பாசடர் ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டை கழற்றி வீசும் முன் ஒரு பாத்திரம் வெந்நீர் போதும்!

"நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிப் போட்டுடலாம்!"

பழைய அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்கள் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். தாத்தாவின் காரை ரெடி பண்ணி வார இறுதியில் ஓட்ட நினைக்கும் இளைஞர்களிடமும் முதலில் சொல்லப்படும் யோசனை இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், இன்ஜினின் ஆயுளைக் குறைக்கும் யோசனை இது.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு அது. அம்பாசடரில் நீண்ட காலம் வந்த 1489 சிசி பி-சீரீஸ் இன்ஜினில், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் மாட்டும் வளைந்த குழாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே ஒரு சின்ன பித்தளைக் குப்பியில் மெழுகு. தண்ணீர் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம்.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

கதவு இல்லாததால் முதல் நிமிடத்தில் இருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் பிடிக்கும். அதுவரை சோக் இழுத்தே ஓட்ட வேண்டும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். சரியாக ஆவியாகாத பெட்ரோல், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஆயிலில் ஈரம் சேர்ந்து கசடு படியும். சூடாகி நின்றால் உடனே தெரிந்துவிடும். இந்தத் தேய்மானமோ சில வருடங்கள் கழித்து, புகையாகத்தான் வெளியே தெரியும்.

'குறைந்த டிகிரி போட்டால் கூலாகும்' உண்மையா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது, இன்ஜின் குறைந்தபட்சம் எவ்வளவு சூட்டில் ஓட வேண்டும் என்பதை மட்டுமே. அது முழுசாகத் திறந்த பிறகு, சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் வேலை. ரேடியேட்டர் அடைத்திருந்தால் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் டிராஃபிக்கில் முள் ஏறத்தான் செய்யும். சற்று தாமதமாக ஏறும், அவ்வளவுதான்.

எந்த டிகிரி வாங்கலாம்?

திறக்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இதே பி-சீரீஸ் குடும்ப இன்ஜின் கொண்ட பிரிட்டனின் எம்ஜிபி காருக்கு, சாதாரணமாக 82 டிகிரி செல்சியஸ், வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்று பரிந்துரை இருந்தது. நம் சமவெளிக்கு 74 அல்லது 82 பொருத்தம்.

கடைக்குப் போகும்போது பழைய பீஸைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. விளிம்பின் விட்டம், தடிமன், உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பின்னாளில் வந்த அம்பாசடர்களில் இசுஸு இன்ஜினும் உண்டு. அதனால் 'அம்பாசடருக்கு ஒண்ணு கொடுங்க' என்று கேட்டால் மட்டும் போதாது.

அடுப்பில் சோதிப்பது எப்படி?

புதுசு என்பதற்காக அப்படியே மாட்டிவிடக் கூடாது. பழையதையும் புதியதையும் சேர்த்தே சோதிக்கலாம்.

1. சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரம் எடுக்கவும். பழைய தெர்மோஸ்டாட்டில் ஒட்டியிருக்கும் கூலன்ட் விஷம்.

2. வால்வு இடுக்கில் நூலைக் கொடுத்து, தண்ணீரில் தொங்கவிடவும். தெர்மோஸ்டாட்டும் சரி, தெர்மாமீட்டரும் சரி, அடியைத் தொடக் கூடாது. தொட்டால் கணக்கு தப்பும்.

3. மெதுவான தீயில் கலக்கிக்கொண்டே சூடாக்கவும். வால்வு திறந்ததும் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்த நொடியில் உள்ள டிகிரியைக் குறித்துக்கொள்ளவும். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

4. தொடர்ந்து சூடாக்கவும். சுமார் 10 முதல் 15 டிகிரி கூடும்போது வால்வு நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

5. அடுப்பை அணைத்து ஆறவிடவும். முழுசாக மூடுகிறதா? பலரும் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஊட்டியில் சோதிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் அங்கே முழுசாகத் திறக்கவில்லை என்றால், அது பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாட்டும்போது கவனம்

மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் நேரத்துக்குத் திறக்காது. விளிம்பில் ஆடும் சின்ன பின் இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி. கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மாட்டிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்க்கலாம். ஃபேனில் இருந்து கை தள்ளியே இருக்கட்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடானால் எல்லாம் சரி. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால், வால்வு திறந்தே இருக்கிறது. மீட்டர் முள் ஏறியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது தண்ணீரே ஓடாமல் இருக்கலாம். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஹெட்டே வளைந்துபோகலாம்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. வளைந்த ஹெட்டுக்கு மாற்று தேடி அலைவதைவிட, அரை மணி நேரம் அடுப்படியில் நிற்பது எவ்வளவோ மேல்.