ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது மூணு வழி! ஏலகிரி, ஜவ்வாது மலையில் பாதை தவறுவது ஏன்? தவறினால் என்ன செய்யணும்?

ஏறும்போது ஒரே பாதைதான் இருந்துச்சு, இறங்கும்போது எப்படி மூணா பிரிஞ்சுது? மலையில் வழி தவறிய பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

பாதை புதிதாகப் பிரியவில்லை. ஏறும்போதும் அங்கே மூன்று பாதைகள் இருந்தன. பக்கத்துச் சரிவுகளில் இருந்து வரும் ஒற்றையடிப் பாதைகள், ஏறுபவரின் முதுகுப் பக்கமாக வந்து சேரும். அதனால் கண்ணில் படாது. இறங்கும்போது அதே இடம் கவட்டை மாதிரி விரிந்து நிற்கும். நாம் முன்பின் பார்க்காத ஒரு இடம் போலத் தெரியும்.

திருப்பத்தூர் மாவட்ட மலைகளில் இது இன்னும் சிக்கல். ஏலகிரியிலும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு எனப் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலைப் பகுதியிலும் உள்ள பல பாதைகள் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்டவை அல்ல. ஆடு மாடு ஓட்டிப் போனவர்களும் விறகுக்குப் போனவர்களும் நடந்து நடந்து உண்டானவை. ஊரில் போய் முடியணும் என்ற கட்டாயம் அந்தப் பாதைகளுக்குக் கிடையாது. மாட்டுப் பாதை புல் இருக்கும் இடத்தில் முடிந்துவிடும்.

எனவே பழக வேண்டிய முதல் விஷயம் ரொம்ப எளிது. ஏறும்போதே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பாருங்கள். பாதை சேரும் இடம் தெரிந்தால், இறங்கும் திசையைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.

போன்ல மேப் இருக்கே, அது போதாதா?

இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டவர் சிக்னல் வேறு, ஜிபிஎஸ் வேறு. ஜிபிஎஸ் நேரடியாகச் செயற்கைக்கோளில் இருந்து வருவது. சிம் கார்டே இல்லாத போனிலும் வேலை செய்யும். நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, சிக்னல் போனாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

காணாமல் போவது புள்ளி அல்ல, அதற்கு அடியில் இருக்கும் வரைபடம். இணையம் இல்லாவிட்டால் வெறும் சாம்பல் திரையில் புள்ளி மட்டும் நிற்கும். அதனால்தான் வீட்டிலேயே வரைபடத்தைத் தரவிறக்கம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். கூகுள் மேப்பில் அப்படிச் செய்யலாம். ஆனால் இணையம் இல்லாதபோது அது வண்டிக்குத்தான் வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் ஒற்றையடிப் பாதைகளும் ஓரளவு இருக்கும், நாம் நடந்து வந்த தடத்தையும் பதிவு செய்யலாம். இறங்கும்போது அந்தத் தடம்தான் நூல் பிடித்தாற்போலத் திரும்பக் கூட்டி வரும். ஏறத் தொடங்கும்போதே பதிவை ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாட்டிலைட் படத்தைப் பார்த்து வழி பிடிப்பவர்கள், குறிப்பாக பைக்கிலும் ஜீப்பிலும் மண் பாதை தேடி வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காட்டுத்தீ பரவாமல் இருக்க வனத்துறை மரம், புதர்களை வெட்டி நீளமாக விடும் தீத்தடுப்புக் கோடுகள் மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் ரோடு மாதிரியே தெரியும். அதை நம்பிப் போனால் பாதி மலையில் நிற்க வேண்டியதுதான். அது காப்புக்காடாக இருந்தால் அனுமதியின்றி நுழைந்ததற்கு வழக்கும் வரும்.

ஓடையோடு இறங்கினால் ஊர் வருமா?

தண்ணீர் எப்படியும் கீழேதான் போகும், கூடவே போனால் ஊர் வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏலகிரியில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஏலகிரியில் ஓடும் அட்டாறு எங்கே போகிறது? மலையின் மறுபக்கம் ஜலகாம்பாறையில் அருவியாக விழுகிறது. தண்ணீர் குதித்துவிடும், நம்மால் முடியாது. ஈரப் பாறையில் ஒரு கட்டம் வரை சறுக்கி இறங்கிவிட்டு, அதற்குமேல் இறங்கவும் முடியாமல் திரும்ப ஏறவும் முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. தெரியாத ஓடையைவிடத் தெரிந்த மேடு மேல்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் இன்னொரு வசதியும் கிடைக்கும். ஏலகிரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊர்தான். வடக்கே வாணியம்பாடி, மேற்கே ஜோலார்பேட்டை, தென்மேற்கே திருப்பத்தூர், கிழக்கே ஆலங்காயம், அதற்கப்பால் ஜவ்வாது மலைத்தொடர். 14 கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு ஏறி வருவது பொன்னேரிப் பக்கத்தில் இருந்து. கிளம்பும் முன் இந்த ஐந்து பெயர்களும் எந்தெந்தத் திசை என்று மனதில் பதித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

சூரியனை வைத்துத் திசை பார்க்கலாமா?

காலை, மாலையில் தாராளமாகப் பார்க்கலாம். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று படித்தது மட்டும் நம் ஊரில் வருடம் முழுக்கச் செல்லாது. திருப்பத்தூர் சுமார் 12.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். எந்த மாதமும் ஏமாற்றாத முறை ஒன்று உண்டு. ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு.

துருவ நட்சத்திரமும் இங்கே பெரிதாக உதவாது. அடிவானத்துக்கு மேலே 12 டிகிரிதான் இருக்கும். நீட்டிய கையில் முஷ்டியைப் பிடித்தால் மறையும் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. எதிரே ஒரு மலை முகடு இருந்தால் தெரியவே தெரியாது.

எத்தனை மணிக்குத் திரும்பணும்?

மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு கணக்கை 1892-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். ஜோலார்பேட்டை பக்கத்து அடிவாரம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏலகிரியின் மேல்தளம் 1,000 மீட்டரை ஒட்டி. ஆக 5 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறினால் 2 மணி நேரம். நம்ம ஊர் வெயிலுக்கும், ஆம்பூரில் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பிவிட்டு நாம் ரப்பர் செருப்போடு மலையேறுவதற்கும் சேர்த்து 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நவம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அடுத்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. கரடி நடமாட்டம் உள்ள காடு வேறு. உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் மதியம் 2 மணிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

அனுமதி எதற்கு?

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டு பதறி, வழி தெரியாமல் பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அதில் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படும். கட்டணம் அதிகம் என்ற புலம்பலைக் கேட்க முடிகிறது. ஆனால் நாம் காசு கொடுப்பது பாதைக்கு அல்ல, எந்தக் கவட்டையில் எந்தப் பக்கம் திரும்பணும் என்று தெரிந்த ஒரு ஆளுக்கு.

வழி தவறிடுச்சு. இப்போ?

முதலில் நில்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இருங்கள், வழி பார்த்து வருகிறேன் என்று ஒருவர் மட்டும் தனியாகப் போக வேண்டாம். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் அரை மணி நேரத் தூரத்துக்குள் இருந்து, வெளிச்சமும் இருந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். இல்லாவிட்டால் வெட்டவெளியான பாறையாகப் பார்த்து உட்காருங்கள்.

பிறகு 112-க்கு அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அந்த அழைப்பு போகும். "ஒரு பெரிய பாறை பக்கத்துல இருக்கோம்" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேப் செயலியில் நீலப் புள்ளியை அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். ஏலகிரி என்றால் முதல் எண் 12.5-ஐ ஒட்டியும், இரண்டாவது 78.6-ஐ ஒட்டியும் இருக்கும். புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களில் குறைந்தது நான்கையாவது நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் இடம் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தெரிந்துவிடும். பேச்சு விட்டு விட்டு வந்தால், அதே எண்களை வீட்டுக்கு எஸ்எம்எஸ் செய்யுங்கள். போன் பேச முடியாத அளவு சிக்னலிலும் எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும்.

வருபவர்களுக்கு நேரம் கொடுங்கள். 2023 மே மாதம் பக்கத்து வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் அந்த உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறி நடந்ததை நாடே பார்த்தது. இந்த மலைகளின் பல பகுதிகளுக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. உங்களைத் தேடி வருபவர்களும் நடந்துதான் வருவார்கள், அநேகமாக அந்த மலைக் கிராமத்துக்காரர்களை முன்னால் விட்டுக்கொண்டு. போன் சார்ஜை அதுவரை காப்பாற்றுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, மற்ற செயலிகளை மூடிவிட்டு, விசிலோ தட்டோ இருந்தால் மூன்று மூன்று முறையாக ஒலி எழுப்பிக்கொண்டே இருங்கள்.