குளிர்காலமும் வீட்டுப் பூனையும்

சமவெளிப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இறங்கினால் அதனைக் குளிர் அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. வட இந்திய நகரங்களுக்கு இது புதிதன்று. பணி நிமித்தம் தெற்கிலிருந்து தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற நகரங்களில் குடியேறிய வாடிக்கையாளர் குடும்பங்கள், முதல் ஆண்டிலேயே கம்பளியும் ரஜாயும் வாங்கிக்கொள்கின்றன. அவ்வீடுகளில் வளரும் பூனையைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

‘உடல் முழுதும் உரோமம் இருக்கும்போது பூனைக்கு என்ன குளிர்?’ என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. நம்முடையதைவிடச் சற்று அதிகம். கூடுதல் ஆற்றலைச் செலவிடாமல் அது அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்ளச் சுற்றுப்புறம் சுமார் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். ஆகவே, நமக்கு இதமாகத் தோன்றும் அறையும் பூனைக்குக் குளிர்ச்சியே. அது குளிர்பதனப் பெட்டியின் மேலும் நம் மடியிலும் இடம் தேடுவதன் காரணம் இதுதான்.

படுக்கையைச் சூடாக்கினால் போதும்

2,000 வாட் அறை வெப்பமூட்டி எட்டு மணி நேரம் இடைவிடாது இயங்கினால் 16 யூனிட் மின்சாரம் செலவாகும். பூனைக்காக இச்செலவு தேவையில்லை. உடலைச் சுருட்டிப் படுக்கும் அளவுள்ள அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய கம்பளித் துண்டை விரித்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்று வீசாத மூலையில் வைத்தால் போதும். அதன் உடல் வெப்பமே பெட்டியைச் சூடாக்கிவிடும். கடுங்குளிர் இரவுகளில் வெந்நீர்ப் பையைத் தடித்த துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். குளிப்பாட்டுவதைத் தவிர்த்து, நாள்தோறும் உரோமத்தைச் சீவிவிடுவது நல்லது.

பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளால் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. முதிய பூனைகளுக்கோ குளிரில் மூட்டு வலி மிகும். உணவு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றை அவற்றின் படுக்கைக்கு அருகிலேயே வைப்போம்.

நம் கைவைத்தியம், அதற்கு நஞ்சு

குளிரைவிடப் பெரிய ஆபத்து, குளிருக்காக நாம் வீட்டில் வைத்திருக்கும் பொருள்களில் உள்ளது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. தும்மும் பூனைக்கு ‘கால் மாத்திரைதானே’ என்று கொடுப்பதும் கூடாது.

கம்பளித் துணிகளுக்கிடையே நாம் போடும் அந்துருண்டை, சளிக்குத் தடவும் கற்பூரம் கலந்த களிம்பு, நீலகிரித் தைலம் ஆகியவையும் பூனைக்கு நஞ்சு. தோலிலும் உரோமத்திலும் படிவதை அது நக்கியே சுத்தம் செய்யும். மேலே பட்டது வயிற்றுக்குள்ளும் சென்றுவிடும். அலமாரியிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே பூனைக்கு விரிக்க வேண்டும்.

கதவு, சன்னல்களை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு மூட்டும் வழக்கம் வடக்கே இன்றும் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது பூனைக்கும் நமக்கும் ஒருசேர எமனாகும்.

தண்ணீரும் தடுப்பூசியும்

குளிர்காலத்தில் பூனை தண்ணீர் குடிப்பது குறைகிறது. இதனால் சிறுநீர் அடர்த்தியாகி, குறிப்பாக ஆண் பூனைகளுக்கு அடைப்பு ஏற்படலாம். வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஈரப்பதமுள்ள உணவைச் சேர்த்துக் கொடுக்கலாம். பாலை வளர்ந்த பூனைகள் பலவற்றால் செரிக்க இயலாது. நீருக்கு அது மாற்றாகாது. மூக்கொழுகல், தும்மலை உண்டாக்கும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியைக் குளிர் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுவது நன்று.

எப்போது விரைய வேண்டும்?

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாமலிருத்தல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், உடல் சில்லிட்டுத் துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காலம் தாழ்த்தலாகாது. மணல் தட்டில் பலமுறை அமர்ந்தும் சிறுநீர் வராத ஆண் பூனையை அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தாமதித்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். சில்லிட்ட பூனையைத் தீயருகே காட்டாமல், கம்பளியில் சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற்றியவாறே எடுத்துச் செல்ல வேண்டும்.

இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை இன்றே குறித்து வைப்போம். மருத்துவச் செலவுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், நள்ளிரவில் பணத்தைப் பற்றி யோசித்து நிற்க நேராது.

வீடற்ற பூனைகளையும் மறவாதிருப்போம். ஓடி நின்ற காரின் சூட்டை நாடி அவை எஞ்சின் பகுதிக்குள் ஏறி உறங்குவதுண்டு. காலையில் வண்டியை இயக்குமுன் முன்மூடியை இரண்டு முறை தட்டிவிட்டுச் சற்றுப் பொறுப்போம். செலவில்லாத அச்சிறு செயல் ஓர் உயிரைக் காக்கும்.