வான் தூரமும் பயண நேரமும்

இரு நகரங்களுக்கிடையே விமானம் பறக்கும் தூரம் ஒரு கணக்கு. பயணி செலவிடும் நேரம் மற்றொரு கணக்கு. இவ்விரண்டும் எத்துணை வேறுபடும் என்பதற்குச் சித்தூரும் திருப்பதியும் தக்க சான்றாகும். திருப்பதி விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரேணிகுண்டாவில் அமைந்துள்ளது. அதன் புதிய முனையம் 2015 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. சித்தூர்வாசிகளோ சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர் கடந்து திருப்பதியை அடைந்து, அங்கிருந்து விமான நிலையம் செல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ரேணிகுண்டா திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது.

தூரமும் வேகமும்

பூமி உருண்டையாதலால் வான்வழித் தூரம் அதன் வளைந்த பரப்பின் மீது அமையும் மிகக் குறுகிய கோட்டால் அளக்கப்படுகிறது. இம்முறையில் ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத் விமான நிலையம் சுமார் 420 கிலோமீட்டர். தில்லி சுமார் 1,680 கிலோமீட்டர், அதாவது நான்கு மடங்கு.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் முன்னதை 32 நிமிடங்களிலும், பின்னதை 2 மணி 6 நிமிடங்களிலும் கடக்கலாம். ஆயினும் நடைமுறையில் ஐதராபாத்துக்கு ஒரு மணிக்குச் சற்று மேலும், தில்லிக்கு நேரடியாகப் பறந்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணியும் ஆகின்றன. தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைதல், மெல்ல மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல் ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரம் தூரம் குறைந்தாலும் குறைவதில்லை. காற்றின் திசையும் நேரத்தைச் சில நிமிடங்கள் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

தரையில் கழியும் நேரம்

சித்தூரிலிருந்து ஐதராபாத் செல்பவர் ரேணிகுண்டாவை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். புறப்பாட்டுக்கு முன் விமான நிலையத்தில் ஒன்றரை மணியேனும் கழியும். இறங்கியபின் ஷம்ஷாபாத்திலிருந்து நகருக்குள் செல்ல மேலும் ஒரு மணி வேண்டும். ஆக மொத்தம் ஆறு மணி நேரத்தில் விமானத்தில் கழிவது ஐந்தில் ஒரு பங்கே. திருப்பதிக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்கு ஏறத்தாழ எட்டரை மணி ஆகிறது. சித்தூர்ப் பயணி திருப்பதி வரும் நேரத்தையும் இத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எனவே விமானத்தின் வேகத்தைக் கூட்டினால் மிஞ்சுவன சில நிமிடங்களே. தரைவழித் தொடர்பைச் சீர்செய்தால் அதனினும் மிகுதியான நேரம் மிஞ்சும். இவ்வகையில் திருப்பதி–பாகாலா–காட்பாடி ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் திட்டம் குறிப்பிடத்தக்கது. சித்தூர் வழியே செல்லும் 104 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதைக்கு ரூ.1,332 கோடி மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஒற்றைப் பாதையில் எதிர்வரும் வண்டிக்காக நிலையங்களில் காத்திருக்க நேரும். இரட்டைப் பாதை அத்தாமதத்தை நீக்கும்.

இதன் பயன் விமானப் பயணிகளோடு நிற்பதன்று. திருப்பதிக்கும் வேலூருக்கும் மருத்துவம் நாடிச் செல்வோரும், கல்வி பயிலச் செல்லும் மாணவரும், காணிப்பாக்கம் முதலிய தலங்களுக்கு வரும் யாத்திரிகரும் இதனால் பயனடைவர். தொலைதூர நகரங்கள் அண்மையில் வருவதும் வராததும் வீட்டு வாயிலிலிருந்து விமான நிலையம் வரையுள்ள வழியைப் பொறுத்ததேயாகும்.