சில்லின் உட்பக்கம்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: கம்பிச் சில்லு கறள் பிடித்துவிட்டது, மினுக்கினால் போதுமா, கழற்றித்தான் கட்ட வேண்டுமா? தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருங்கள். அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

கழற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வெளியில் தெரிகிற கறள் கண்ணை உறுத்துமே தவிர, சில்லை உடனே முறிக்காது. சில்லைத் தின்கிற கறள் ரயருக்கு அடியில், றப்பர் நாடா ஒட்டிக்கிடக்கிற ரிம்மின் உட்பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு மினுக்கினாலும் அந்த இடத்துக்குக் கை போகாது.

வேலணையின் சாட்டிக் கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவுகிறார்கள். மணலோரம் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளை யாரும் கழுவுவதில்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு வந்தாலும் சரி, புங்குடுதீவுப் பாலத்தால் குறிகட்டுவான் துறைக்குப் போனாலும் சரி, இரண்டு பக்கமும் கடல்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் தூவானம் முகத்தில் அடிக்கும். முகத்தில் படுவது சில்லிலும் படும். உப்புக்குக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் குணம் உண்டு. அதனால் மழையே இல்லாத நாளிலும் ரிம்மின் உட்குழி முழுதாகக் காய்வதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நிக்கலும் குரோமும் மின்சாரத்தால் ஏற்றப்படும் பூச்சுகள்; பள்ளமான இடத்துக்கு மின்னோட்டம் குறைவாகவே போகும். ஆகவே ரிம்மின் உட்புறத்தில் பூச்சு தொடக்கத்திலேயே மெல்லியது. கம்பித் துளைகளாலும் வால்வுத் துளையாலும் உள்ளே போன தண்ணீருக்கு அங்கே எதிர்ப்பு மிகக் குறைவு.

இந்த வண்டிகளுக்காக ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்கலாம். ஹொண்டா 1958இல் சூப்பர் கப்பை வெளியிட்டது. 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் சி 50, சி 70, சி 90 என்று நிற்பவை அந்தக் குடும்பம்தான். ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட எம்.டி. 90உம் இதற்கு உறவு. போர்க்காலத்தில், 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடி, குடாநாட்டு மக்களைச் சுமந்தவை இவை. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போனவை. இடம்பெயர்வில் முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு போனவை. அப்படி உழைத்த ஒன்றைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. (சின்னச் சில்லுள்ள ஹொண்டா சாலி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதன் 10 அங்குலச் சில்லு தகட்டில் அடித்தது, கம்பி கிடையாது.)

கழற்றுவதற்கு முன்னம், கம்பிச் சில்லு எப்படிப் பாரம் தாங்குகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். சில்லில் 36 கம்பி. ஒரு கம்பியைத் தனியே நிலத்தில் ஊன்றி அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் கட்டிய சில்லில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்டு நிற்கின்றன. பாரம் ஏறும்போது கீழே வரும் சில கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. இழுவை முற்றாகப் போய்விடாத வரைக்கும் சில்லு உறுதியாக நிற்கும். கம்பி தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது முழுக்கத் தொய்ந்து மறுபடி விறைக்கும். 17 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 580 தரம் சுற்றும். அத்தனை தரமும் தொய்ந்து விறைக்கிற கம்பி, தலைக்குப் பக்கத்து வளைவில் ஒருநாள் முறியும். முறிந்த கம்பியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வளைவில்தான் போயிருக்கும்.

கம்பிகள் நேரே போகாமல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போவதற்கும் காரணம் உண்டு. சங்கிலி இழுக்கும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் சில்லின் நடுவிலுள்ள ஹப் ரிம்மைத் திருப்பப் பார்க்கும். சரிந்து நிற்கும் கம்பியே அந்தத் திருகலைத் தாங்கும். இப்படிச் சரித்துக் கட்டும் முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை எடுத்தார். கம்பி எந்தெந்தக் கம்பியைத் தாண்டிப் போகிறது என்பதைக் குழப்பாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே குறட்டைத் தொடும் முன் கைபேசியால் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஹப்பின் விளிம்பில் நேரான சட்டமொன்றை வைத்து, அதிலிருந்து ரிம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். ரிம் எல்லா வண்டியிலும் ஹப்பின் நடுவில் இருப்பதில்லை. இந்த அளவு இல்லாமல் கட்டினால் சில்லு வட்டமாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிள்களுக்கு மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாளும் திரும்பாத நிப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் கம்பியை வெட்டிவிடுங்கள். புதுக்கம்பி வாங்கலாம், துளை பிய்ந்த ரிம் திரும்பி வராது. ஹப்பின் உள்ளே தலை இருக்கும் கம்பி, வெளியே தலை இருக்கும் கம்பி இரண்டையும் வேறு வேறு பேணியில் போடுங்கள். பல மாடல்களில் இவற்றின் வளைவு வேறு.

ஹப்பின் உள்ளே படிந்திருக்கும் பிறேக் தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள்.

இனி ரிம். கம்பித் துளைகளைச் சுற்றிக் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி உள்ளே போனால் அந்த ரிம்முக்கு ஆயுள் முடிந்தது. அதற்குப் பூச்சு பூசுவது ஓட்டுபவரை ஏமாற்றுவது. உறுதியாக இருந்தால், வெளிப்புறக் குரோமில் சாண்ட்பேப்பர் போடாமல், அலுமினியத் தாளைக் கசக்கி, வினாகிரியில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. கறளை எடுக்கும், குரோமைக் கீறாது. உட்புறத்துக்குக் கம்பிப் பிறஷ் வேண்டும். தட்டுப்பட்ட கறளெல்லாம் போன பிறகு பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள்மாற்றி, அதன்மேல் கறள் தடுக்கும் பிறைமர், அதன்மேல் மெல்லிய பெயின்ற். தடிப்பாக அடித்தால் நிப்பிள் துளையில் சரியாக உட்காராது. கொஞ்ச நாளில் பெயின்ற் நசிந்து கம்பி தளரும். வேலையின் பாதி நேரத்தை இந்த உட்புறத்துக்குக் கொடுத்தாலும் வீண் இல்லை. ஹப் அலுமினியம் என்பதால் கோஸ்டிக் சோடா அதைத் தொடக்கூடாது, அரித்துவிடும். புதுக்கம்பி துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் நல்லது, என்றாலும் கடலோரத்தில் அதிலும் பழுப்புக் கறை படியும்.

கம்பி கோர்க்கும்போது ரிம்மே வழி சொல்லும். ஒவ்வொரு துளையும் எந்தப் பக்கக் கம்பி எந்தச் சரிவில் வருகிறதோ அதற்கேற்பச் சாய்த்துத் துளைக்கப்பட்டிருக்கிறது. கம்பி நிப்பிளுக்குள் வளையாமல் நேரே போனால் சரியான துளை. நெளிந்து போனால் பிழை. மரையில் துளி கிறீஸ் வைத்து, 36 நிப்பிளையும் முதலில் ஒரே அளவுக்கு, தளர்வாகவே ஏற்றுங்கள். பிறகு வால்வுத் துளையிலிருந்து தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சமாக இறுக்குங்கள். சில்லை வண்டியில் மாட்டி, ஃபோர்க்கில் பென்சில் ஒன்றைக் கட்டி ரிம்மை அதன் அருகே சுழற்றினால் நெளிவு தெரியும். மேல் கீழ் ஆட்டத்தை முதலில் எடுங்கள், பக்க ஆட்டம் பிறகு. ஹொண்டாவின் கைநூல்கள் இரண்டுக்கும் 2 மில்லிமீற்றரை எல்லையாக வைக்கின்றன. பொறுமை இருந்தால் ஒன்றுக்குள் கொண்டுவரலாம். ஒரு பக்கத்தை இறுக்கும் போதெல்லாம் எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இறுக்கிக்கொண்டே போனால் ரிம் முட்டை வடிவாகிவிடும்.

கடைசியில் சின்ன ஸ்பனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும்; மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி முனையை அரத்தால் ராவுங்கள், இல்லாவிட்டால் ரியூப் போய்விடும். புது நாடா போடுங்கள்.

முதல் 100, 200 கிலோமீற்றரில் கம்பிகள் தம் இடத்தில் அமரும். அப்போது மறுபடி தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை இறுக்க வேண்டும். பிறகு கடலோரம் போய்வந்த நாளெல்லாம் சில்லில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் எடுக்க வேண்டும். பக்கத்து ஊர்களும் குடிதண்ணீருக்கு நம்பியிருக்கும் கிணறுகள் சாட்டியில் இருப்பதால் அந்தத் தண்ணீரை வீணாக்கச் சொல்லமாட்டேன். ஈரத்துணியால் ரிம்மையும் நிப்பிள்களையும் துடைத்தாலே உப்பு போய்விடும்.