அடிபடாமலே வெடிக்கும் பித்தளை

ஈஸ்ட் ஹாமில் எம்மவர் வீடுகளின் சாமித் தட்டில் இரண்டு மூன்று பித்தளைப் பொருட்களாவது இருக்கும். ஊரிலிருந்து உடுப்புகளுக்கு நடுவே சுற்றி வந்த குத்துவிளக்கு, அம்மம்மாவின் செம்பு, ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடையில் வாங்கிய தாம்பாளம். இவற்றில் ஒன்று, யாரும் கீழே போடாமலே, ஒருநாள் விளிம்பில் மயிரிழைபோலப் பிளந்து நிற்பதுண்டு. பிள்ளைகளை விசாரிப்போம். பெரியவர்கள் கூடாத சகுனம் என்று கலங்குவார்கள். இரண்டும் தேவையில்லை. இதன் காரணம் நூறு வருடங்களுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. அதைத் தேட வைத்தவை விளக்குகள் அல்ல, துப்பாக்கி ரவைகள்.

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். அப்போது ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை விட்டபின் பார்த்தால், ஒரு தடவைகூடச் சுடாத ரவைகளின் பித்தளைக் கோதுகள் வெடித்திருந்தன. பருவத்தோடு வந்ததால் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் இதன் காரணத்தை விளக்கினார்கள்.

ரவைக் கோதில் ஏறத்தாழ 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். தகட்டைச் சூடாக்காமல் அழுத்தி, இழுத்துக் குழாயாக்குவார்கள். அந்த இழுவிசையில் ஒரு பகுதி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, மழைக்கால ஈரத்தில் கரைந்து பித்தளைமேல் படியும். அது உலோக மணிகளின் எல்லைகள் வழியே அரித்துக்கொண்டு போக, உள்ளிருக்கும் விசை அந்த இடத்தைப் பிளந்துவிடும். உள்விசை, அமோனியா, ஈரம் மூன்றும் சேரவேண்டும். ஒன்றை நீக்கினாலும் வெடிப்பு வராது.

தொழிற்சாலையில் நீக்கக்கூடியது உள்விசைதான். செய்து முடித்த கோதைச் சுமார் 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், உறுதி பெரிதாகக் குறையாமலே விசை தளர்ந்துவிடும். இன்றும் உரிமம் பெற்று, சுட்ட கோதுகளில் மருந்து நிரப்பி மீண்டும் பாவிக்கும் விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்களில் பலர் கோதின் கழுத்தை இடையிடையே சூடாக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் விரிந்து, மறுபடி நெருக்கப்பட்டு இறுகிப்போகும் இடம் அது. கழுத்துப் பிளந்த கோதை எறிந்துவிடுவார்கள். அமோனியா கலந்த திரவத்தால் கழுவ வேண்டாம் என்பதும் அவர்களிடையே பழகிய எச்சரிக்கை.

எமது வீட்டுப் பொருட்களுக்கும் இதே கணக்குத்தான். வார்த்துச் செய்த கனமான விளக்கில் உள்விசை குறைவு. தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்த செம்பு, குடம், தாம்பாளம் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும்.

முதலில் எது வெடிப்பு என்று பார்ப்போம். விளக்கின் திருகுப் பூட்டில் எண்ணெய் கசிந்தால் அது பெரும்பாலும் பூட்டின் தளர்வு. அதற்காக மிகையாக இறுக்கினால் நாமே புதிதாக ஒரு விசையை ஏற்றுகிறோம். ஊசித்துளை போன்ற குழிகள் வார்ப்பில் வந்த குறை. புளியோ தேசிக்காயோ நெடுநேரம் ஊறி இளஞ்சிவப்புப் படர்ந்தால், மேற்பரப்பிலிருந்து நாகம் கரைந்து செம்பு தெரிகிறது என்று பொருள். விளிம்பிலோ கழுத்திலோ கூர்மையான கோடாக ஓடி, தட்டினால் மணியோசைக்குப் பதில் மந்தமான ஓசை தருவதே உண்மையான வெடிப்பு.

இனித் தடுக்கும் வழி. பளபளப்பாக்கும் திரவங்கள் சிலவற்றிலும், கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா உண்டு. போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து அவற்றைத் தவிர்ப்போம். பூனையின் மணல் தட்டுக்கும் குழந்தையின் நப்பி வாளிக்கும் அருகே பித்தளையை வைக்க வேண்டாம். புளி நல்லதுதான், ஆனால் தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்கவேண்டும். லண்டன் குளிர்காலத்தில் சன்னல் ஓரத்தில் தண்ணீர் வடியும் இடமும் உகந்ததல்ல.

வெடித்ததை வீட்டில் அடுப்பில் காய்ச்சிச் சரிசெய்ய முயல வேண்டாம். பற்றவைக்கத் தெரிந்த தொழிலாளியிடம் காட்டலாம், அல்லது தண்ணீர் ஊற்றாமல் அப்படியே வைத்திருக்கலாம். அம்மம்மாவின் செம்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, அதை எதனால் துடைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.