கூடையும் கால்வாயும்: ஒரு வடிவமைப்பு உருவாகும் விதம்

வடிவமைப்புக் கல்வியில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு முதல் பயிற்சி தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு நல்ல கூடை ஒன்றை அவன் வடிவமைக்க வேண்டும். மாணவன் அன்று மாலையே மேசையில் அமர்ந்து அழகான கூடை ஒன்றை வரைந்துவிடுகிறான். வளைந்த கைப்பிடி, மூடி, வண்ணம் எல்லாம் உண்டு. ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் எங்கே போகிறது?”

மாணவனிடம் விடை இல்லை. அவன் துறைமுகத்துக்கே போகவில்லை.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். விடையை வரைய முற்படும்போது வினா இன்னதென்று தெரிந்திருப்பதில்லை. முதலில் தோன்றிய படம் நம் குழந்தை போலாகிவிடுகிறது. பிறகு அதை விட மனம் வருவதில்லை. கூடை விஷயத்தில் இதனால் ஒரு தாள்தான் வீண். வேறிடத்தில் ஒரு காடே வீணாகக்கூடும். அந்தக் காட்டைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம்.

வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே பரந்திருக்கும் அலையாத்திக் காடு இது. உப்பங்கழிகளின் கரையில் சுரபுன்னை விழுதூன்றி நிற்கும். வெண்கண்டல் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டியிருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் குடும்பக் காடுகளைச் சேர்ந்ததே. (அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் மரம் வெட்டுவோர் அதனிடம் எச்சரிக்கையாக இருப்பார்கள்.)

இக்காட்டின் உட்பகுதியில் ஏக்கர் ஏக்கராக நிலம் மொட்டையாகிக் கிடந்தது. காரணம் என்ன? சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால் காடு அழிந்தது என்பதே பொதுவாக நிலவிய எண்ணம். பிரச்சினை இதுவானால் தீர்வு எளிது. வேலி போடலாம், காவல் வைக்கலாம், மக்களை வெளியேற்றலாம், கன்றுகளை நடலாம். காட்டின் ஓரத்தில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கும் மீனவர்களுக்கும் அந்தத் தீர்வின் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நிலத்தை உற்றுப் பார்த்தால் ஒரு முரண் தென்படும். படகில் எளிதாக நெருங்கக்கூடிய கழிக்கரைகளில் மரங்கள் செழித்து நிற்க, உள்ளே உள்ள இடங்கள் வெறுமையாக இருந்தன. கோடரிதான் காரணம் என்றால் கரையோர மரங்களல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்?

1990-களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையுடன் சேர்ந்து இக்காட்டை ஆராய்ந்தது. நிலமட்டம், மண்ணின் உப்பு, ஓதநீரின் போக்கு, காட்டின் பழைய வரலாறு ஆகியவை ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து, ஒவ்வொரு பகுதியும் அடியோடு வெட்டப்பட்டு வந்தது. இது களவு அன்று, அரசின் ஏற்பாடே. மரம் போனதும் நிழலற்ற சேற்றில் வெயில் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் ஆவியாயிற்று. களிமண் காய்ந்து சுருங்கி நிலம் தாழ்ந்தது. நடுவில் தட்டுப் போலப் பள்ளம் விழுந்துவிட்டது.

இக்கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். பெரிய ஏற்றத்தின்போது பள்ளத்துள் புகுந்த நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இப்பள்ளங்களின் மண்ணில் உப்பு அதையும் வெகுவாகத் தாண்டியது. உப்பில் வாழப் பழகிய கண்டல் விதைகூட அங்கே முளைத்து நிற்க முடியாது. வேலி போட்டு எத்தனை முறை கன்று நட்டாலும் கருகத்தான் செய்யும்.

இப்போது வினாவே மாறிவிட்டது பாருங்கள். ‘மக்களிடமிருந்து காட்டைக் காப்பது எப்படி?’ என்பது போய், ‘தேங்கிய நீரை வெளியேற்றி, ஓதம் நாளும் வந்து போகச் செய்வது எப்படி?’ என்று ஆயிற்று. வினா இந்த வடிவத்துக்கு வந்த பிறகு விடையை வரைவது அவ்வளவு கடினமன்று. இயற்கையான கழியோடு இணைத்துப் பள்ளத்தின் ஊடே ஒரு முதன்மைக் கால்வாய். அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலவே இருக்கும். கிளைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் நீர் தடையின்றித் திரும்பும். வண்டல் படிவது குறையும். கால்வாயின் பக்கச் சுவர்களும் சரிவாகவே வெட்டப்பட்டன. நேர்ச்சுவரானால் சேறு இடிந்து விழும். அந்தச் சரிவிலேயே, ஏற்ற மட்டத்துக்கும் வற்ற மட்டத்துக்கும் நடுவில், வெண்கண்டல் நடப்பட்டது.

சிறு பரப்பில் செய்து பார்த்த பின்னரே இம்முறை பிற இடங்களுக்கு விரிவாக்கப்பட்டது. கிராம மக்களே திட்டமிடுவதிலும் வெட்டுவதிலும் பங்கு கொண்டனர். 1986-இலும் 2002-இலும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருந்தது தெரிந்தது. ஒரு குறையும் உண்டு. கால்வாயில் வண்டல் படியும். அவ்வப்போது தூர் வாராவிட்டால் பழைய கதைதான். தூர் வாரப் போகிறவர் யார், கூலி தருபவர் யார் என்பதும் வரைபடத்தில் இடம்பெற வேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

கூடைக்குத் திரும்புவோம். 1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்த சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்புத் தம்பதியர் ஓர் அறிக்கை தந்தனர். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அது வழி வகுத்தது. நாட்டில் தாம் கண்ட பொருள்களில் சாதாரணச் செம்பையே அவர்கள் வியந்து பாராட்டினர். அதை இன்று புதிதாக வடிவமைப்பதானால் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தூக்குவது தலையிலா இடுப்பிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் ஊற்றும்போதும் ஈர்ப்பு மையம் எங்கே, கழுவுவது எப்படி என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்தக் கேள்விகளோடு நம் மாணவனும் துறைமுகத்துக்குப் போகிறான்.

அங்கே அலுமினிய அன்னக்கூடைகள், தலையில் சும்மாடு, மீன்மேல் உடைத்த ஐஸ். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறான். 30 பாகை வெப்பத்திலுள்ள 12 கிலோ மீனை 0 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். மீனின் வெப்ப ஏற்புத்திறன் நீரினதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. எனவே நீக்க வேண்டிய வெப்பம் 12 × 30 × 0.9 = 324 கிலோகலோரி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை ஏற்கும். ஆக 4 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். வெயில் தருகிற வெப்பம் இதில் சேரவில்லை. 4 கிலோ ஐஸ் என்றால் 4 லிட்டர் தண்ணீர். கூடையில் துளையிட்டால் அது பெண்ணின் தோளிலும் பஸ்ஸின் தளத்திலும் ஒழுகும். துளையில்லாவிட்டால் ரத்தமும் செதிலும் கலந்த நீரில் மீன் ஊறும்.

‘கூடை வடிவமைப்பது எப்படி?’ என்ற வினா ‘இந்த 4 லிட்டர் நீரைப் பயணம் முடியும் வரை எங்கே வைப்பது?’ என்று மாறுகிறது.

மாணவன் பழைய தகர டப்பா ஒன்றை வெட்டி, துளைகளுள்ள தட்டு ஒன்றை உள்ளே இரண்டு அங்குல உயரத்தில் பொருத்துகிறான். மீன் மேலே, நீர் கீழே. மீனுக்குப் பதில் மணல் மூட்டை வைத்து, 4 லிட்டர் நீர் ஊற்றித் தன் தலையிலேயே தூக்கிப் பார்க்கிறான். பத்தடி நடப்பதற்குள் நீர் ஒருபுறமாக ஓடிக் கூடையைச் சாய்க்கிறது. படகின் அடியில் நீர் சேர்ந்தால் படகு ஆடுவதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பதை நினைத்து, அடித்தளத்தை ஆறு அறைகளாகப் பிரிக்கிறான். ஆட்டம் குறைகிறது. எடை கூடுகிறது. தகட்டை மெல்லியதாக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மாதிரியைத் துறைமுகத்தில் ஒரு மூதாட்டி திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மூலைக்குள்ள எல்லாம் செதில் போய் ஒட்டிக்குமே, எப்படிக் கழுவறது? சாயங்காலம் எங்க தெருக் குழாயில தண்ணி வருதோ இல்லையோ.”

அறைகளை ஓரங்கள் வளைந்தவையாகச் செய்வதா, தடுப்புகளைக் கழற்றி மாட்டும்படி செய்வதா? அதற்கு முன் கூடை கழுவ அவர்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். மாணவன் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுநாள் மாலை அந்தத் தெருவுக்கே போவதென்று புறப்படுகிறான்.